வள்ளம் புறப்படும் முன்

பட்டம் பெறும் பிள்ளைகளே,

யாழ்ப்பாணத்தில் 1978இல் தொடங்கிய இந்த மருத்துவ பீடத்தில்தான் நானும் படித்தேன். மின்சாரமில்லாத இரவுகளில் ஜாம் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு தொண்டையின் படங்களை மனனம் செய்த காலம் அது.

பட்டம் பெற்ற இரண்டாம் வருடம். தீவொன்றில் பனையால் விழுந்த சீவல் தொழிலாளி ஒருவரை வள்ளத்தில் ஏற்றினோம். தலையில் அடி, நினைவில்லை, மூச்சு இருந்தது. நடுக்கடலில் குறட்டைபோல ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. நாக்குச் சரிந்து தொண்டையை அடைத்துவிட்டது. மூச்சுக்குழலுக்குள் குழாய் விட, தொண்டையைக் காட்டும் லரிங்கோஸ்கோப்பை எடுத்தேன். அதன் விளக்கு எரியவில்லை. மாற்றுப் பற்றரி கொண்டுவரவில்லை. இறங்குதுறையில் ஒரு நிமிடம் ஒதுக்கி நான் அதைப் பார்த்திருக்க வேண்டும். வள்ளக்காரர் சுக்கானை மகனிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். கழுத்தை அசைக்காமல் கீழ்த்தாடையை இரு கைகளாலும் முன்னுக்குத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன்.

"இப்பிடியோ ஐயா?"

"ஓம் அண்ணை, விட்டிடாதையுங்கோ."

கரை வரும்வரை அவர் விடவில்லை. நான் மூச்சூட்டும் அம்பு பையை அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் பிழைத்தார்.

அன்றிலிருந்து நான் ஓயாமல் சொல்வது இதுதான்: குழாய் போகாவிட்டால் அடுத்து என்ன, அதுவும் சரிவராவிட்டால் என்ன என்பதைப் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். குழாய் மட்டுமே வழியல்ல: இங்கிலாந்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்ற 9,296 பேரை வைத்துச் செய்த ஆய்வொன்று 2018இல் வெளிவந்தது. மூச்சுக்குழலுக்குள் குழாய் விடும் முறையில் 6.8 சதவீதமானோரும், தொண்டையில் எளிதாக அமரும் ஐ-ஜெல் முறையில் 6.4 சதவீதமானோரும் நன்கு தேறினார்கள். எளிய வழியைக் கையில் எடுக்க ஒருவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்புலன்ஸ், 2018 ஜூலையில் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. பெரிய வரம். ஆனால் அது கடல் கடக்காது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒட்சிசன் இல்லாத மூளை நாலைந்து நிமிடங்களில் சேதமடையத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் உங்களுக்குத் துணை வள்ளத்தில் இருப்பவர்கள்தான். அவர்களோடு தமிழில் பேசுங்கள். மானிப்பாயில் 1848இல் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய சாமுவேல் கிறீன், அமெரிக்காவிலிருந்து வந்தவர், பின்னர் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார்.

உங்களில் தீவுகளுக்கு நியமனம் பெறுகிறவர்கள், முதல் கிழமையிலேயே இறங்குதுறைக்குப் போங்கள். வள்ளக்காரர்களைக் கூப்பிட்டு அந்தத் தாடைப் பிடியைக் காட்டிக் கொடுங்கள். அரை மணி நேரம் போதும்.