தண்ணி வருதுன்னு யார் சொல்றது?

(வட்டாரக் கூட்டமைப்பின் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



கடல் அலையை அளக்கிறதைப் பற்றி என்னைப் பேசச் சொன்னாங்க. "நம்ம தென்காசி மாவட்டத்துல கடலே கிடையாதே, இது நமக்கு எதுக்கு?"ன்னு பின்வரிசையில ஒரு அக்கா கேட்டது என் காதுலயும் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனா ஆவணித் திருவிழாவுக்கும் மாசித் திருவிழாவுக்கும் திருச்செந்தூருக்கு வேன் பிடிச்சுப் போறது யாரு? குழுச் சுற்றுலான்னா கன்னியாகுமரிதானே முதல்ல வாயில வருது? குற்றாலத்துல விழுற தண்ணி சிற்றாறா ஓடி, சீவலப்பேரியில தாமிரபரணியோட சேர்ந்து, கடைசியில புன்னைக்காயல் பக்கம் கடலுக்குத்தான் போகுது. பேரருவித் தண்ணி விழுந்து பொங்குற பள்ளத்துக்குப் பேரே பொங்குமாகடல்தான்.

2024 மே மாதம் நடந்த ரெண்டு சம்பவத்தைச் சொல்றேன். மே 6ஆம் தேதி, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்துல லெமூர் கடற்கரையில மருத்துவம் படிச்ச ஐந்து பிள்ளைகளை அலை இழுத்துக்கொண்டு போய்விட்டது. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். பதினோரு நாள் கழித்து, மே 17ஆம் தேதி, நம்ம பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம். 17 வயது மாணவன் ஒருவன் போய்விட்டான். நம்மில் பலர் அந்த வீடியோவைச் செல்போனில் பார்த்திருப்பீர்கள். படியில ஜனங்க விழுந்தடிச்சு ஓடுறதைப் பார்த்து எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

இந்த ரெண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. தண்ணி வேற எங்கேயோ கிளம்பி வந்தது. நிற்கிற இடத்துல அதற்கான அறிகுறி கண்ணுக்குத் தெரியாது.

முதலில் கடலைப் பார்ப்போம். காற்றே இல்லாத நாளில், வானம் தெளிவாக இருக்கும்போது, திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும். கேரள மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. கள்ளன் மாதிரி சத்தமில்லாமல் வருகிறது, அதனால் அந்தப் பெயர். 2012ல் யுனெஸ்கோவே இந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. படித்த விஞ்ஞானிகள் கடைசியில் மீனவன் வாய்ச்சொல்லையே எடுத்துக்கொண்டார்கள் பாருங்கள், எனக்கு அதில் ஒரு சந்தோஷம். பூமியின் தெற்குக் கோடியில் புயல் அடித்தால் அங்கே எழும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேருகிறது. அதாவது, எச்சரிக்கை சொல்ல அவகாசம் இருக்கிறது.

சொல்வதற்கு ஆளும் இருக்கிறார்கள். ஹைதராபாத்தில் 'இன்காய்ஸ்' என்ற மத்திய அரசு மையம் 1999ல் இருந்து இருக்கிறது. கடலில் மஞ்சள் நிறத்தில் ஒரு உருண்டையை நங்கூரம் போட்டு மிதக்க விடுகிறார்கள். குறுக்களவு ஒரு மீட்டருக்குள்தான். கிணற்றில் விழுந்த குடம் தண்ணி அசைய அசைய ஏறி இறங்குமே, அதேபோல அதுவும் அலையோடு ஏறி இறங்கும். செல்போனைச் சாய்த்தால் படம் திரும்புகிறதல்லவா? அதே மாதிரி அசைவை அறியும் கருவி அந்த உருண்டைக்குள் இருக்கிறது. எவ்வளவு உயரம், எந்தத் திசை, எத்தனை நொடிக்கு ஒரு அலை என்று கணக்கிட்டு உடனுக்குடன் கரைக்கு அனுப்புகிறது. தூத்துக்குடிக் கடலிலும் இப்படி ஒன்றை மிதக்க விட்டார்கள். நீரோட்டத்தை அளக்க வேறு வழி. கடலூரிலும் கல்பாக்கத்திலும் கரையில் ரேடார் நிறுவினார்கள். அது ரேடியோ அலையைக் கடல்மேல் அனுப்பும். அது அலையில் பட்டுத் திரும்பி வரும் விதத்தை வைத்து, மேல்தண்ணீர் எந்தப் பக்கம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். "அலை உயரம் 2 மீட்டர்" என்று அறிவித்தால் எல்லா அலையும் 2 மீட்டர் என்று அர்த்தம் இல்லை. நம்ம கணக்குப்படி சொல்கிறேன். 12 பேர் உள்ள குழுவில் அதிகமாகச் சேமித்த 4 பேர் தொகையை மட்டும் எடுத்துச் சராசரி போட்டால் எப்படியோ, அப்படி உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரிதான் அந்த 2 மீட்டர். பல அலைகள் சின்னதாக வரும். எப்போதாவது ஒன்று ஏறக்குறைய இரண்டு மடங்குகூட வரும். "இவ்வளவு நேரம் நின்னோம், முட்டளவுதானே இருந்தது" என்று ஏமாந்துபோவது இதனால்தான்.

லெமூர் கடற்கரைச் சம்பவத்துக்கு வருவோம். அந்த மே மாதத் தொடக்கத்திலேயே கள்ளக்கடல் எச்சரிக்கையை இன்காய்ஸ் வெளியிட்டுவிட்டது. கருவி தன் வேலையைச் செய்தது, மையமும் செய்தது. தண்ணீரில் கால் வைத்த பிள்ளைகளைத்தான் காப்பாற்ற முடியவில்லை.

அந்தக் கடைசி இடைவெளியை ஒரு ஊர் எப்படி அடைத்தது தெரியுமா? புதுச்சேரி மீனவக் கிராமங்களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் தகவல் மையங்கள் நடத்தியது. பல மையங்களில் வேலை பார்த்தது நம்மைப் போன்ற பெண்கள்தான். வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பைக் கம்ப்யூட்டரில் எடுத்து, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். வலையைச் சரிபார்த்துக்கொண்டே மீனவர் கேட்பார். 2004 டிசம்பர் 26 காலையில், நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞரிடமிருந்து போன் வந்தது. சுனாமிச் செய்தியை அங்கே அவர் பார்த்திருக்கிறார். ஜனங்கள் மையத்துக் கதவை உடைத்து உள்ளே போய் மைக்கில் கத்தினார்கள். ஏறக்குறைய 3,600 பேர் உள்ள ஊர். எல்லோரும் பிழைத்தார்கள். வீடும் படகும் போயின, உயிர் போகவில்லை.

மைக் ஏற்கனவே அங்கே இருந்தது, அதில் வருகிற பேச்சை நம்புகிற பழக்கமும் ஊருக்கு இருந்தது. புதிதாக எதையும் வாங்க அன்றைக்கு நேரம் ஏது?

நம்ம அருவிக்கு இன்னும் நெருக்கடி. கடல் சில நாள் அவகாசம் தருகிறது, மலை சில நிமிடம்தான் தரும். கீழே வெயில் அடிக்கும், மேலே காட்டுக்குள் மழை கொட்டியிருக்கும். அருவிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, நேந்திரம் சிப்ஸ், துண்டு, எண்ணெய் விற்கிற நம்ம உறுப்பினர்கள் எத்தனை பேர்! நாள் முழுக்க அந்தத் தண்ணியையே பார்க்கிறவங்க நீங்க. வெளியூர்க்காரருக்கு எல்லாத் தண்ணியும் ஒன்றுதான். நிறம் செம்மண்ணாக மாறினால், சருகும் குச்சியும் வந்தால், இரைச்சல் கனத்தால் உங்களுக்குத் தெரியும். போலீஸ் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம், வாய்விட்டுக் கத்துங்கள். "வியாபாரம் கெடும்"னு நினைக்காதீங்க. அடுத்த சாரலுக்கும் அவங்கதான் வரணும்.

கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் இழுபட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது, சோர்ந்துபோவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டபிறகு கரைக்கு வரணும். காப்பாற்றப் போகிறவர் கயிறோ காலிக் குடமோ இல்லாமல் இறங்கக் கூடாது. சேலை நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், இதை நான் சொல்லியா தெரியணும்?

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். சுற்றுலா வேனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கடல் எச்சரிக்கை இருக்கிறதா என்று ஒருவர் பார்க்கணும். இன்காய்ஸின் 'சமுத்ரா' செயலி இருக்கிறது, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் ஏற்றித் தருவார்கள். அது வராதவர்கள், போகிற மாவட்டத்தில் 1077க்குப் போன் போட்டுக் கேட்கலாம். செய்தியை வாங்கிக் குழுவுக்குச் சொல்லும் பொறுப்புக்கு ஊக்குநரையே போடாதீங்க, அவங்க தலையில ஏற்கனவே பாரம் அதிகம். வேறு ரெண்டு பேர் பெயரை எழுதுங்க. ஒருத்தி சம்பந்தி வீட்டுக்குப் போனாலும் இன்னொருத்தி ஊர்ல இருப்பா. பெயரும் போன் நம்பரும் எழுதின தாளைச் சாப்பாட்டுக்கு முன்னாடியே கணக்காளர்கிட்ட கொடுத்துடுங்க.