கணக்கேட்டில் வழிகாட்டிகள்



எக்செல் என்னும் கணினிக் கணக்கேட்டை நீங்கள் அறிவீர்கள். 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அதன் ஒவ்வொரு தாளிலும் 10,48,576 வரிசைகள் உள்ளன. தாள்களின் தொகைக்கோ கணினியின் நினைவகம் ஒன்றே எல்லை. இடம் இவ்வளவு பெருகிய பின், வேண்டியதை அதில் தேடிக் காண்பதே பெரும்பாடாகிறது.

ஒரு கல்லூரியின் மதிப்பெண் ஏட்டை எண்ணிப் பாருங்கள். அதில் நாற்பது தாள்கள். சான்றிதழுக்காக மாணவர் ஒருவர் காத்து நிற்கிறார். எழுத்தரோ திரையின் அடியிலுள்ள தாள் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கிறார். முதல் தாளைப் பொருளடக்கமாக ஆக்கிவிட்டால் இத்தொல்லை தீரும். ஒரு கட்டத்தில் தாளின் பெயரை எழுதி, கன்ட்ரோல் விசையோடு கே என்னும் விசையை அழுத்தி, இதே ஏட்டிலுள்ள இடம் என்பதைத் தேர்ந்து, உரிய தாளைக் காட்டினால் இணைப்பு உண்டாகும். பின்னர் அப்பெயரைச் சொடுக்கியதும் அத்தாள் கண்முன் நிற்கும். ஒவ்வொரு தாளின் உச்சியிலும் பொருளடக்கத்திற்குத் திரும்பும் இணைப்பு ஒன்றும் வேண்டும். போகும் வழியை அமைப்போரிற் பலர் மீளும் வழியை மறந்துவிடுகின்றனர்!

இனி, நான் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். இணைப்பு தன்னுள் வைத்திருப்பது ஒரு முகவரியை மட்டுமே. ஒரே தாளில் அ பிரிவின் பட்டியலும், அதன்கீழே 65-ஆம் வரிசையில் ஆ பிரிவின் தலைப்பும் இருப்பதாகக் கொள்வோம். அந்த 65-ஆம் வரிசைக்கு இணைப்புத் தந்துள்ளீர்கள். அ பிரிவில் முப்பது பேர் புதிதாகச் சேர, அவர்களுக்காக முப்பது வரிசைகளை இடையே நுழைக்கிறார்கள். தலைப்பு 95-ஆம் வரிசைக்கு இறங்கிவிடும். இணைப்போ பழைய இடத்திற்கே அழைத்துச் செல்லும். ஆ பிரிவு என்று நம்பி எழுத்தர் காண்பது அ பிரிவு மாணவரின் மதிப்பெண்ணை. பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. ஒருவர் பெற்ற எண் மற்றொருவர் சான்றிதழில் ஏறிவிடும்.

ஆகவே முகவரிக்கு இணைப்புத் தராது பெயருக்குத் தருக. தலைப்புள்ள கட்டத்தைத் தேர்ந்து, வாய்பாட்டுப் பட்டைக்கு இடப்புறமுள்ள சிறு பெட்டியில் ஒரு பெயரை இட்டு, என்டர் விசையை அழுத்துங்கள். பெயரினுள் இடைவெளி கூடாது. அது எண்ணில் தொடங்குதலும் ஆகாது. இணைப்பு அமைக்கும்போது தாளுக்கு மாறாக இப்பெயரைத் தேர்ந்துகொள்ளலாம். வரிசைகள் நுழைந்து கட்டம் கீழிறங்கினால் பெயரும் உடன் இறங்கும். தாளின் பெயர் மாறினாலும் அதற்கு ஊறு நேராது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பட்டியலை அகர வரிசையிலோ மதிப்பெண் வரிசையிலோ மாற்றி அடுக்கும்போது எண்கள் இடம் பெயரும். கட்டத்திற்கு இட்ட பெயர் அங்கேயே தங்கிவிடும். ஆதலின் தனித்தனி மாணவரின் வரிசைக்குப் பெயர் இட வேண்டா. பட்டியலின் தலைப்புக் கட்டத்திற்கு இட்டால் போதும்.