குழல் பயிலும் மாணாக்கர்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே குழலோனுடைய அமைதி கூறப்படுகின்றது. அதற்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், குழல் செய்தற்குரியவை மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என ஐந்தென்று கூறி, அவற்றுள் மூங்கிலே உத்தமம் என்பர். நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்று அளவும் வகுத்துரைப்பர். இத்துணைப் பழைமையும் இலக்கணமும் உடைய இக்கருவியைப் பயிலத் தொடங்குவோர் பலர். ஓராண்டு கழிந்த பின்னும் விடாது பயில்வோர் சிலர். இடையிலே கைவிடுவோர் பெரும்பாலும் ஓரிடத்திலேயே இடறுகின்றனர்.

ஒரு மாணாக்கனை உதாரணமாகக் கொள்ளலாம். சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் முடித்துவிட்டான். நாலைந்து கீதங்கள் வாசிப்பான். வர்ணம் ஒன்றுந் தொடங்கியாயிற்று. ஆயினும் நாதம் மெலிந்து, காற்றின் இரைச்சலோடு வருகின்றது. தாரஸ்தாயிக்குச் சென்றாற் குழல் வீறிடுகின்றது. விரல் விரைவு போதாமையே குறையென்று எண்ணி, அவன் மேலும் விரைந்து வாசிக்கின்றான். தரத் தேர்வு நெருங்குவதால் ஆசிரியரும் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றார். சில திங்களிற் குழல் பெட்டிக்குள்ளே போய்விடுகின்றது. தனக்கு இசை வராதென்று அவன் முடிவு செய்துகொள்கின்றான். அம்முடிவு பிழையானது. குறை அவன் விரலிலும் இல்லை, செவியிலும் இல்லை; உதட்டில் இருக்கின்றது.

முத்திரைத் துளையின் எதிர் விளிம்பிலே காற்று மோதிப் பிளவுபடுவதனாலேயே நாதம் பிறக்கின்றது. உதடுகளின் இடைவெளி அகன்றிருப்பின் காற்றிற் பெரும்பகுதி விளிம்பைச் சேராது வீணாகும்; இரைச்சலாய்க் கேட்பது அதுவே. மேல் ஸ்தாயிக்குச் செல்ல மாணாக்கர் வயிறு குழிய ஊதுகின்றனர். வேண்டுவது மிகுந்த காற்றன்று, ஒடுங்கிய காற்று. உதட்டின் இடைவெளியைச் சிறிது சுருக்கினால், அதே காற்று விரைந்து சென்று மேல் ஸ்தாயியை எழுப்பும். கண்ணாடியின் முன் நின்று இதனைப் பழகுதல் நன்று. தோள் உயராமல், வயிறு விரியுமாறு மூச்சை வாங்கி, மேலிரு துளைகளை மட்டும் மூடி, ஷட்ஜத்தை நீள நிறுத்துதல் வேண்டும். ஒரே ஸ்வரத்தைக் கால்மணி நேரம் ஊதுவது சலிப்பூட்டும் என்பது உண்மைதான். சலிப்பை மறைத்து மாணாக்கரை ஏமாற்றுவதினும், முன்னரே சொல்லிவிடுவது நேர்மையாகும்.

இதனைத் தனியே ஊதிப் பயனில்லை. தம்புராவோ சுருதிப்பெட்டியோ உடன் ஒலித்தல் இன்றியமையாதது. வீணையிற் போல மெட்டு, ஸ்வரத்தைக் காத்துத் தராது. உதடு சிறிது உருண்டாலும், குழல் சிறிது திரும்பினாலும் சுருதி விலகும். மூச்சின் வெப்பத்தாற் குழல் சூடேற, சுருதியும் சற்று உயரும். ஆதலாற் சில நிமிடம் ஊதிய பின்னரே சுருதி சேர்த்தல் வேண்டும். இரு நாதங்கள் நெருங்கிப் பொருந்தாதிருக்கும்போது ஒருவகை விம்மல் கேட்கும். அவ்விம்மல் மெல்ல அடங்கி மறைவதைச் செவி ஒருமுறை உணர்ந்துவிட்டால், பின்னர் ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் மாணாக்கன் தன்னைத் தானே திருத்திக்கொள்வான்.

இனி ஒன்று. முதற் பாடம் மாயாமாளவகௌளையிலே தொடங்குவது மரபு. வாய்ப்பாட்டுக்கு அது மிகப் பொருத்தம். குழலின் துளைகளை முழுமையாய் மூடியுந் திறந்தும் வாசிக்கையில் இயல்பாய் எழுவதோ அரிகாம்போதியின் ஸ்வரங்கள். சுத்த ரிஷபத்துக்கும் சுத்த தைவதத்துக்குந் துளையைப் பாதி மூடவேண்டும். ஊதவே பழகாத சிறுவனிடம் பாதித் துளையைக் கேட்பது கொடுமை. சில மாதங்கள் அரிகாம்போதியிலே வரிசைகளைப் பயிற்றிப் பின்னர் மரபுக்கு வருவதனால் மரபுக்கு யாதொரு குறையும் நேராது.

விரலைப் பொறுத்தவரை, நுனியின் தசைப்பகுதி துளையின்மீது மெத்தெனப் பொருந்தல் வேண்டும். அழுத்திப் பிடித்தாற் கமகம் பிறவாது. துளையினின்றும் விரல் மெல்ல உருண்டு விலகும்போதே ஸ்வரம் குழையும். இக்குழைவு கச்சேரி மேடையிற் குழலுக்கு எளிதில் வந்ததன்று. சிறு வயதிலேயே பார்வையிழந்த கும்பகோணம் சரப சாஸ்திரியார், 1872 முதல் 1904 வரை வாழ்ந்த குறுகிய காலத்திலே, குழலைத் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக உயர்த்தினார். அவர் மாணாக்கர் பல்லடம் சஞ்சீவராவ் அப்பெருமையைப் பரப்பினார். 1926இல் திருவிடைமருதூரிற் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் உதடு வைக்கும் முறையையும் விரல் வைக்கும் முறையையும் மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலிலே கொணர்ந்தார். மாலி என்று அழைக்கப்பெற்ற அவர் 1986இல் மறைந்தார். அவர்தம் மாணாக்கர் என். ரமணி, வடநாட்டு நெடுங்குழலைப் போன்ற நீண்ட குழலையுங் கருநாடக இசையிற் கையாண்டார். இவர்தம் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பயில்வது பெரும்பயன் தரும். ஆயின், முதலாண்டு மாணாக்கன் மாலியின் துரிதப் பிடிகளை விரலிற் கொணர முயல்வது, எழுத்துக் கூட்டத் தெரியாதவன் சிலேடை பாட முயல்வதை ஒக்கும். அவர் ஒரு ஸ்வரத்தில் எவ்வளவு நேரம் நிற்கின்றார் என்பதையே அவன் முதலிற் கேட்கவேண்டும்.

குழலுக்குச் சொல் இல்லை, கீர்த்தனத்துக்கு உண்டு. சாகித்தியம் அறியாது ஸ்வரத்தை மட்டும் மனனஞ் செய்தவன், சொல்லின் நடுவே மூச்சு வாங்கித் தெய்வத்தின் திருநாமத்தையே இரண்டாகப் பிளந்துவிடுவான். கேட்போர் காரணம் அறியாமலே இடறுவர். எந்தப் பாடத்தையும் முதலில் வாயாற் பாடி, மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அதன் பின்னரே குழலை எடுத்தல் வேண்டும். குரல் இனிமையாக இருத்தல் அவசியமன்று. நாவினாற் காற்றைத் தட்டும் துத்துகாரமும் சாகித்தியம் அறிந்தவனுக்கே இடமறிந்து வரும். ஏனையோர் ஒவ்வொரு ஸ்வரத்தையுந் தட்டிக்கொண்டேயிருப்பர்.

முன்னே கூறிய மாணாக்கன் செய்யவேண்டுவது, வர்ணத்தைச் சில வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு, நாள்தோறும் விடியலில் அரைமணி நேரம் நீண்ட ஸ்வரங்களுக்குத் திரும்புவதே. பின்பு வர்ணத்தை முதற் காலத்தில் மட்டும் எடுக்கலாம். இதனால் அவ்வாண்டுத் தேர்வு தவறக்கூடும். உடன் பயின்ற பிள்ளைகள் ஒரு தரம் மேலே சென்றுவிட, தம் பிள்ளை பின்தங்குவதைப் பெற்றோர் பொறுப்பது அரிது. ஆசிரியர் அவர்களை இல்லத்திற்கு அழைத்து, பிள்ளையின் ஷட்ஜத்தைத் தொடக்கத்தில் ஒருமுறையும் ஒரு திங்கள் கழிந்து மறுமுறையுங் கேட்கச் செய்யலாம். இசைப் பயிற்சி இல்லாதவர்க்கும் அந்த வேறுபாடு விளங்கும்.