தொப்பி போட்ட எலும்புக்கூடும் 43 நாற்காலிகளும்

என் லேப்டாப் மூடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கு. பூ வெச்ச பெரிய தொப்பி போட்ட ஒரு மண்டை ஓடு. ஏதோ ஒரு மீட்டப்ல இலவசமா கொடுத்தாங்க. நாலு வருஷமா அதோடதான் சுத்துறேன். போன மாசம் ஆபிஸ்ல ஒருத்தர், "யாருங்க இது?"ன்னு கேட்டார். "சும்மா, டிசைன்"னு சொல்லிட்டேன். அப்புறம் அந்தப் பதில் எனக்கே உறுத்துச்சு. உட்கார்ந்து படிச்சேன். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

இவங்க பேர் லா கத்ரீனா. மெக்ஸிகோக்காரங்க. 1910 வாக்குல ஹோசே குவாதலூப்பே போசாதாங்கிற ஓவியர் துத்தநாகத் தகட்டுல செதுக்கினார். அழகுக்காக இல்ல, நக்கலுக்காக. சொந்த பூர்வகுடி அடையாளத்தை மறைச்சுட்டு, ஐரோப்பியச் சீமாட்டி மாதிரி வேஷம் போட்டவங்களைப் பார்த்து, "தொப்பிக்குக் கீழ எல்லாருக்கும் இதே எலும்புதாம்மா"ன்னு சொல்ற மாதிரி ஒரு படம்.

போசாதாவோட பட்டறையில அவர் வேலை செய்யறது தெருவுல இருந்தே தெரியுமாம். பள்ளிக்கூடம் போற வழியில ஒரு பையன் தினமும் நின்னு வேடிக்கை பார்ப்பான். அவன்தான் பின்னாடி பெரிய சுவரோவியரான ஹோசே க்ளெமெந்தே ஒரோஸ்கோ. தனக்கு ஓவிய ஆசை வந்ததே அங்கதான்னு சுயசரிதையில எழுதியிருக்கார். இன்னொருத்தர் தியேகோ ரிவேரா. போசாதா வரைஞ்சது தலையும் தொப்பியும் மட்டும்தான். அதுக்கு உடம்பும் உடுப்பும் கொடுத்தது ரிவேரா, 1947ல முடிச்ச ஒரு சுவரோவியத்துல. அதுல கத்ரீனா ஒரு பக்கம் போசாதாவோட கையைக் கோத்திருப்பாங்க, இன்னொரு பக்கம் சின்னப் பையனான ரிவேராவோட கையைப் பிடிச்சிருப்பாங்க. ஆனா போசாதா 1913லயே வறுமையில செத்துட்டார். அவருக்கு நிரந்தரமா ஒரு கல்லறைகூட மிஞ்சல.

இப்போ பள்ளிக்கூடங்களுக்கு வருவோம். நவம்பர் 1, 2 மெக்ஸிகோவுல இறந்தவர்கள் நாள். முதல் நாள் இறந்துபோன குழந்தைகளுக்கு, ரெண்டாவது நாள் பெரியவங்களுக்கு. 2008ல யுனெஸ்கோ பட்டியல்லயும் இது சேர்ந்துச்சு. வீட்டுல வைக்கிறதுக்குப் பேர் ஒஃப்ரெண்டா. நம்ம படையல்தான், விளக்கவே வேண்டாம். போட்டோ, பிடிச்ச சாப்பாடு, மெழுகுவர்த்தி, தூரத்துல இருந்து வர்றவங்க தாகத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி. சுத்தி செம்பசூச்சில் பூ. அது வேற எதுவும் இல்ல, நம்ம செண்டுமல்லி. அதோட பூர்வீகமே மெக்ஸிகோதான்.

இதையே மாணவர்கள் பள்ளியில, கல்லூரியில செய்யறாங்க. மெல்லிய வண்ணத்தாளை மடிச்சு வெட்டித் தோரணம் கட்டுவாங்க. தொழிலாத் தெரிஞ்சவங்க பல தாளை ஒண்ணா அடுக்கி, உளியும் சுத்தியலும் வெச்சு வெட்டுவாங்க. அப்புறம் கலாவெரீதான்னு ஒண்ணு எழுதுவாங்க. உயிரோட இருக்கிற டீச்சரையோ நண்பனையோ சாவு கூட்டிட்டுப் போக வந்த மாதிரி கேலிப் பாட்டு. நம்ம பாணியில சொன்னா, எங்க மேனேஜரைத் தேடி சாவு வந்துச்சாம், அவர் "இந்த ஸ்ப்ரிண்ட்ல இடமில்லை"ன்னு அதையே பேக்லாக்ல போட்டுட்டாராம். திட்டறதில்ல, பிரியம்தான் அது. யாருன்னே தெரியாதவங்களுக்கு அதை எழுத முடியாது.

எனக்குப் புரிஞ்சது இங்கதான். அந்தப் பசங்க பொதுவா ஒரு மண்டை ஓடு செய்யறதில்ல. ஒரு பேருக்காகச் செய்யறாங்க. சர்க்கரையில செஞ்ச மண்டை ஓட்டு நெத்தியில பேர் எழுதற வழக்கமே இருக்கு.

அப்போ, பேர் இருக்கு, ஆனா இறந்தாங்களான்னே தெரியலைன்னா?

2014 செப்டம்பர் 26. கெர்ரேரோ மாநிலம், அயோட்சினாப்பா கிராமப்புற ஆசிரியர் கல்லூரி மாணவர்கள் இகுவாலா ஊர்ல பஸ் பிடிக்கப் போயிருந்தாங்க. எதுக்கு? 1968 அக்டோபர் 2ல கொல்லப்பட்ட மாணவர்களோட நினைவு நாள் பேரணிக்குப் போக. அன்னைக்கு ராத்திரி 43 பேரைக் காணோம். இதுவரைக்கும் மூணு பேரோட எலும்புத் துண்டுகள்தான் டிஎன்ஏ சோதனையில உறுதியாகியிருக்கு. பெத்தவங்க உயிரோட திருப்பிக் கொடுங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. காணாமப் போனவங்க குடும்பத்துல படையல் வைக்கிறது சாதாரண விஷயம் இல்ல. வெச்சா செத்துட்டான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்.

அந்தக் கல்லூரியோட கூடைப்பந்து மைதானத்துல 43 நாற்காலி போட்டாங்க, வகுப்புல போடற அதே நாற்காலிங்க. ஒவ்வொண்ணுலயும் ஒரு போட்டோ, பூ. அதைப் படையல்னு சொல்றதா? எனக்கு அது வருகைப் பதிவேடு மாதிரித்தான் தெரியுது. இன்னும் வரலை, ஆனா இடம் இருக்கு.

காலேஜ்ல எங்க கல்ச்சுரல்ஸ்க்கு நாங்களும் முகத்துல மண்டை ஓடு பெயிண்ட் அடிச்சிருக்கோம். செம்ம லைக்ஸ் வந்துச்சு. அது தப்புன்னு சொல்ல வரல. ஆனா எங்க செட்ல ஒருத்தன் மூணாவது வருஷம் பைக் விபத்துல போயிட்டான். அன்னைக்கு மேடைக்குப் பக்கத்துல அவனுக்கு ஒரு நாற்காலி போடணும்னு எங்க யாருக்கும் தோணல. இப்போ தோணுது.

ஸ்டிக்கரைக் கிழிக்கலை. அடுத்த தடவை யாராவது யாருன்னு கேட்டா, போசாதாவுல இருந்து ஆரம்பிச்சு முழுக் கதையும் சொல்வேன், டீ ஆறிப்போனாலும் பரவால்ல. அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே.