கொள்வினையும் கொடுப்பினையும்



கோயமுத்தூரிலிருந்து வடமேற்கே செல்லும் சாலை, ஆனைகட்டியில் மாநில எல்லையைக் கடந்து பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடிக்குள் புகுகிறது. எல்லையின் இருமருங்கிலும் இருளர் குடிகள் வாழ்கின்றன. உறவுமுறைக்குச் சோதனைச் சாவடி தடையன்று. தெற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரநாடும் சோழநாடும் நெடுங்காலம் போக்குவரவு கொண்டிருந்தன. முதற் பராந்தக சோழன் சேரர் குலத்திற் பெண் எடுத்தான். அவன் தேவி கோக்கிழானடிகள் சேரர் மகள் என்பது வரலாற்றாசிரியர் பலர் கொள்கை. அவள் மகன் இராசாதித்தன், 949இல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தவாறே உயிர்நீத்தவன். அவனுடைய படைத்தலைவருள் வெள்ளங்குமரன் என்பவன் மலையாள நாட்டினன். பெண் வந்த வழியே படையும் வந்தது என்று நாம் கொள்ளலாம்.

பெண் எடுத்த கதை இது. பெண் கொடுத்த கதையோ இதனினும் பெரிது.

கிருஷ்ணைக்கும் கோதாவரிக்கும் இடைப்பட்ட வேங்கிநாட்டைக் கீழைச் சாளுக்கியர் ஆண்டனர். அதன்மேல் மேலைச் சாளுக்கியருக்கும் கண் இருந்தது. வேங்கியில் அரசிழந்து தஞ்சைக்கு வந்தடைந்த இளவரசருள் விமலாதித்தன் ஒருவன். அவனுக்கு முதலாம் இராசராசன் தன் மகள் குந்தவையை மணம் செய்து கொடுத்தான். (தமக்கையின் பெயரையே மகளுக்கும் இட்டிருந்தான், வந்தியதேவரின் தேவியான மூத்த குந்தவைப் பிராட்டியார் வேறு, இவள் வேறு.) இவள் பெற்ற மகன் இராசராச நரேந்திரன், தாய்மாமனாகிய முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அம்மங்கையின் மகனும் அவ்வாறே தன் தாய்மாமன் இரண்டாம் இராசேந்திரனின் மகள் மதுராந்தகியை மணந்தான். மூன்று தலைமுறை! நம் வீடுகளில் முறைப்பெண் என்று எதைச் சொல்கிறோமோ, அதுவே அங்கே அரசதந்திரமாகவும் இருந்தது.

ரோமாபுரியிலும் இத்தகைய செய்தி உண்டு. அகஸ்டஸ் சக்கரவர்த்தி தன் ஒரே மகள் ஜூலியாவைக் கி.மு. 25இல் தன் தமக்கை ஆக்டேவியாவின் மகன் மார்செல்லசுக்குக் கொடுத்தான். நம் வழக்கில் அவன் அத்தை மகன், முறை மாப்பிள்ளை. இரண்டாண்டில் அவன் இறக்க, தந்தையின் வயதொத்த தளபதி அக்ரிப்பாவுக்கு அவளை மணம் செய்வித்தனர். அவனும் மாண்டபின் திபேரியசுக்கு. அதற்காகத் திபேரியஸ் தான் விரும்பிய மனைவியைத் துறக்க நேர்ந்தது. கி.மு. 2இல் ஒழுக்கம் தவறினாள் என்று கூறித் தந்தையே ஜூலியாவைச் சிறு தீவொன்றிற்கு நாடு கடத்தினான். அவள் விருப்பத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் அகஸ்டசின் குருதி அவள் வழியாகவே அரியணையில் தொடர்ந்தது. நீரோ அவளுடைய மகளின் மகள் பெற்ற பிள்ளை.

சோழர் மகளிர் கதியும் முற்றிலும் இன்பமயமானது என்று நாம் எண்ண வேண்டுவதில்லை. குந்தவையின் மகனுக்கும் அவள் சக்களத்தி மகன் விசயாதித்தனுக்கும் வேங்கி அரியணை பற்றிய பகை நெடுநாள் நீடித்தது. சோழப்படை சென்றும் அது முற்றும் அடங்கவில்லை. எனினும் அப்பூசலுக்கிடையே இராசராச நரேந்திரன் அவையில்தான் நன்னய பட்டர் பாரதத்தைத் தெலுங்கிற் பாடத் தொடங்கினார். ஆந்திர நாட்டில் வாழும் நம் நேயர்கள் இதனைக் கேட்டு மகிழ்வர்: தெலுங்கின் முதற் பெருங்காவியத்தைப் பாடுவித்தவன் தமிழ்நாட்டுத் தாய் ஒருத்தியின் மகன்.

1070இல் அதிராசேந்திரன் மறைந்தபோது சோழ அரியணை ஏறியவன் அம்மங்கையின் மகன். அவனே முதலாம் குலோத்துங்கன். தந்தைவழியிற் சாளுக்கியன், ஆயினும் பாட்டி, தாய், மனைவி மூவரும் சோழர் குலத்துப் பெண்கள். ஏறத்தாழ ஐம்பதாண்டு ஆண்டான்.

அவன் தன் மகன் மும்முடிச் சோழனை வேங்கிக்கு ஆட்சியாளனாக அனுப்பினான். அவ்விளவரசனுக்கு அங்கே மனம் பொருந்தவில்லை. நாடாளும் இன்பத்தினும் பெற்றோர் அடி தொழும் இன்பமே பெரிதென்று கருதி, ஓராண்டிலேயே திரும்பிவிட்டான் என்று அக்குலத்துச் செப்பேடு கூறுகிறது. பின்னர் அவன் தம்பி வீரசோழனை அனுப்பி வைத்தனர்.