குடிபுகுமுன் ஆராய்வன

நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு



நம்மவருள் ஆண்டுதோறும் பலர் கல்வி கருதியும் தொழில் கருதியும் சென்னைக்குச் சென்று வாடகை வீடுகளிற் குடியேறுகின்றனர். அவர்க்கு வீடு பார்க்கும் பெற்றோர் வினவுவன யாவை? வாடகை எத்துணை, முன்பணம் எத்துணை, தண்ணீர் வருமா, வாயில் எத்திசை நோக்கியது, உரிமையாளர் நம்மவரா என்பனவே. அவ்வீடு முறையான ஒப்புதல் பெற்றுக் கட்டப்பட்டதா, உறுதியாக நிற்குமா என வினவுவார் மிகச் சிலர். உரிமையாளர் நம்மவராயின் அச்சிலரும் நாணி வாளாவிருந்துவிடுகின்றனர். தாளைக் கேட்டால் தம்மை ஐயுற்றதாகக் கருதுவாரே என்பது அவர் அச்சம். பெண் கொடுக்குங்கால் சாதகத்தை மூன்று சோதிடரிடம் காட்டும் நாம், அப்பெண் குடியிருக்கப்போகும் வீட்டின் வரைபடத்தைக் கேட்க நாணுவது வியப்பே.

ஒப்புதலில்லாக் கட்டடத்தால் வருந்துன்பம் உரிமையாளர்க்கே, குடியிருப்பார்க்கு அன்று எனச் சிலர் எண்ணுகின்றனர். தாணே நகரத்தைச் சார்ந்த மும்பிராப் பகுதியில் 2013 ஏப்ரல் 4ஆம் நாள் ஏழுமாடிக் கட்டடம் ஒன்று இடிந்து வீழ்ந்து 74 பேர் மாண்டனர். ஒப்புதலின்றி விரைவில் எழுப்பப்பட்ட அதன்கண், மேலே வேலை நடக்கும்போதே கீழ்த்தளங்களிற் குடிவைத்திருந்தனர். குடிகள் வாழுங் கட்டடத்தை இடிக்க அதிகாரிகள் தயங்குவர். ஆதலின் இத்தகைய இடங்களிற் குறைந்த வாடகைக்கு ஆசைப்பட்டு வருவோரே, கட்டியவனுக்குக் கேடயமாகிவிடுகின்றனர்.

ஆராயும் முறை அரிதன்று. பிளான் என யாவரும் வழங்கும் வரைபட அனுமதியை உரிமையாளரிடம் கேட்டுப் பெறுக. சென்னைப் பெருநகர்ப் பகுதியிற் பெரிய கட்டடங்களுக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், பிற ஊர்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும், சிறு வீடுகளுக்கு அவ்வவ்வூர் ஆட்சிமன்றங்களும் அனுமதி நல்குவன. அத்தாளைக் கையிற்கொண்டு தெருவில் நின்று தளங்களை எண்ணுக. தாளில் வண்டி நிறுத்துமிடமும் அதன்மேல் இரண்டு தளங்களும் இருக்க, எதிரே நான்கு தளங்களும் மொட்டைமாடியில் தகரக் கூரையிட்ட அறையும் தோன்றுமாயின், அடித்தளம் எப்பாரத்திற்குக் கணக்கிடப்பட்டதோ அதனினும் மிகுந்த சுமை அதன்மேல் ஏற்றப்பட்டிருத்தல் கூடும். நெடுநல்வாடையில் நிழலால் திசையறிந்து, கயிறிட்டு அளந்து அரண்மனை வகுத்த பகுதியை மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லும்போதெல்லாம் இத்தகைய வீடுகளே என் நினைவிற்கு வருகின்றன. அங்கே அளவு முன்னும் சுவர் பின்னுமாக இருந்தன. இங்கே சுவர் எழுந்தபின் அளவைத் தேடுகின்றனர்.

தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி, சிறு வீடுகள் முதலிய சிலவகைக் கட்டடங்கள் நீங்கலாகப் பிறவற்றிற்கு நிறைவுச் சான்றிதழும் வேண்டும். சொத்துவரி ரசீதைக் காட்டி, ‘இதோ சான்று’ என்பார் உளர். அது சான்றாகாது, ஒப்புதலில்லாக் கட்டடத்திற்கும் வரி வாங்கப்படுகின்றது.

ஆயினும் தாள் மட்டும் போதாது. திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27ஆம் நாள், அரசினர் வாரியமே கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து வீழ்ந்தன. உயிர்ச்சேதம் இல்லை, வெடிப்பைக் கண்ட குடிகள் முன்னரே வெளியேறியமையே காரணம். ஆதலின் கண்ணாலும் காண்க. பூச்சில் ஓடும் மயிரிழைக் கீறல் பெரும்பாலும் அஞ்சத்தக்கதன்று. தூணிலும் உத்தரத்திலும் தோன்றும் பிளவும், சுவரிற் சாய்வாக ஓடும் வெடிப்பும், கூரையின் காரை உதிர்ந்து துருவேறிய கம்பி வெளிப்படுதலும் அஞ்சத்தக்கன. கடலை அடுத்த பகுதிகளில் உப்புக்காற்றால் கம்பி விரைவில் துருவேறும். துருவேறிய கம்பி பருத்துக் காரையைப் பிளக்கும். புதிதாக வண்ணம் பூசிய வீட்டில் இவை மறைந்திருக்கும். ஆதலின் மாடிப்படியின் அடிப்புறத்தையும் தண்ணீர்த் தொட்டியின் கீழிடத்தையும் குனிந்து நோக்குக. அங்கெல்லாம் வண்ணம் பூசுவார் அரியர்.

படிக்கட்டைப் பற்றியும் ஒரு சொல். 2017 மே மாதத்தில் வடபழனியில் ஓர் அடுக்கு வீட்டின் கீழே நிறுத்தியிருந்த வண்டிகளில் மூண்ட தீயாலும் புகையாலும் சிறுவர் உட்பட நால்வர் உயிரிழந்தனர். மின்பெட்டியும் இருசக்கர வண்டிகளும் படிக்கட்டின் அடியில் ஒருங்கே நெருங்கியிருக்கும் வீட்டை, வாடகை எத்துணைக் குறையினும், கொள்ளற்க. இரவில் இரும்பு வாயிலைப் பூட்டுவராயின் ஒவ்வொரு குடிக்கும் ஒரு திறவுகோல் கேட்டு வாங்குக. மொட்டைமாடிக் கதவிற்கும் அவ்வாறே.

2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் வேண்டும். கட்டடத்தின் அமைப்பைச் சார்ந்த பழுதுகளை, குடியிருப்பாரால் நேர்ந்தவை ஒழிய, உரிமையாளரே சீர்செய்தற்குரியர் என்பதும் அச்சட்டத்தில் உண்டு. கண்ட குறைகளை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்க.

இறுதியாக, நம்முள் வீடுடையோர்க்கு ஒரு வேண்டுகோள். வருவோர் கேட்குமுன் நீவிரே தாளை எடுத்துக் காட்டின், கேட்பார்க்கு நாணமில்லை, உமக்கும் மனவருத்தமில்லை. நம் மாத வெளியீட்டில் வரும் வாடகை வீட்டு அறிவிப்புகளில் அனுமதி எண்ணையும், ஒப்புதல் பெற்ற தளங்களின் தொகையையும் சேர்த்தே அச்சிடுதல் வேண்டும் எனவும், அவையில்லா அறிவிப்புகளை ஏற்றல் கூடாது எனவும் செயற்குழுவினர் முடிவுசெய்யுமாறு வேண்டி அமர்கின்றேன்.