வந்தவர் எத்தனை? வாங்கினவர் எத்தனை?

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்திலே வாலிபர் சார்பில் ஆற்றிய உரை)

  

 இந்த மேடையிலே ஆண்டுதோறும் அறிஞர் பலர் சமயமும் இலக்கியமும் பேச, அவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இம்முறை வாலிபர் சார்பிலே பேசுமாறு பணிக்கப்பட்ட நாம் எடுத்துக்கொண்ட பொருள் கணக்கு; அதிலும் கடைக் கணக்கு. விழா மேடையிலே இது ஏன் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். எமது ஊர்த் தாய்மார் முடைகின்ற பெட்டியும் கடகமும் இன்று கணினி வழியாகக் கடல் கடந்து விலைபோகின்றன. அந்தக் கணினிக் கடையின் கணக்கைப் பிழைபட வாசித்தால், நட்டம் முதலிலே போய்ச் சேர்வது ஓலை வார்ந்து முடைகின்ற கைகளையே. ஆகவே இப்பொருள் இவ்விடத்திலே பேசுதற்கு உரியதே என்று துணிந்தோம்.

பனை எமது குடாநாட்டின் செல்வம் என்பதை இங்குள்ளோர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நீத்துப்பெட்டி, மூடற்பெட்டி, சுளகு, கடகம், கொட்டைப்பெட்டி என்று ஒரு வீட்டின் அடுக்களை முழுவதையும் ஓலையினால் நிரப்பியவர்கள் எமது முன்னோர். 1978 ஆம் ஆண்டிலே பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டதும் இச்செல்வத்தைப் பேணும் பொருட்டேயாம். 2009 ஆம் ஆண்டிலே போர் முடிந்தபொழுது, குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் வடபகுதியிலே மிகப் பலராயிருந்தனர். அவர்களுட் சிலருக்கேனும் ஓலைப் பின்னல் அடுப்பெரிக்க உதவுகின்றது. கைத்தொழில் அவர்களிடம் இருக்கின்றது. கைத்தொலைபேசி எம்மிடம் இருக்கின்றது. இவ்விரண்டும் சேருமிடத்திலேதான் கணக்குத் தொடங்குகின்றது.

கைவினைப் பொருள்களுக்கென்றே அமைந்த கணினிச் சந்தைகளுள் பெயர் பெற்றது ‘எட்ஸி’ என்பது. 2005 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியிலே தொடங்கப்பட்டது. அங்கே கடை வைத்திருப்பவருக்கு நாள்தோறும் ஒரு கணக்குப் பக்கம் காட்டப்படுகின்றது. வருகை இத்தனை, பார்வை இத்தனை, கட்டளை இத்தனை, வருமானம் இத்தனை என்று அதிலே எண்கள் நிற்கும். வேறு சந்தையிலே கடை வைத்தாலும், சொந்தமாக ஒரு தளம் அமைத்துக் ‘கூகிள் அனலிற்றிக்ஸ்’ என்னும் கருவியைக் கொண்டு எண்ணினாலும், பெயர்கள் சற்று மாறுமேயன்றிக் கணக்கின் தன்மை பெரிதும் மாறாது. ஆதலால் இவ்வெண்களின் பொருளை ஒருமுறை நன்றாக விளங்கிக்கொண்டால் எங்கும் பயன்படும்.

சுன்னாகச் சந்தைக்கு ஒருவர் காலையிலே போகின்றார் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கடைகளிலே நின்று பார்க்கின்றார். ஒன்றும் வாங்காமல் வீடு திரும்புகின்றார். மாலையிலே மீண்டும் போய், இரண்டு கடைகளைப் பார்த்து, ஒரு கடகம் வாங்குகின்றார். இங்கே ஆள் ஒருவர், வருகை இரண்டு, பார்வை பன்னிரண்டு, கொள்வனவு ஒன்று. ஒரே மனிதர் ஒரே நாளில் செய்த காரியத்தை நான்கு வகையாக எண்ணலாம். கணினிக் கணக்கும் இப்படித்தான். கூகிள் கருவியிலே, வந்தவர் முப்பது நிமிடம் அசையாதிருந்தால் அந்த வருகை முடிந்ததாகக் கொள்ளப்படும். அதன்பின் அவர் மறுபடி தொட்டால் அது புதிய வருகை. சோறு தின்னப் போய்வந்தவரும் இரண்டு முறை வந்தவராகிறார்!

முற்காலத்திலே, அதாவது 1990களிலே, தளங்களின் அடியிலே ஓர் எண்காட்டி ஓடிக்கொண்டிருக்கும். அக்காலத்திலே பலர் பெருமையோடு சொல்லிய ‘ஹிற்’ என்னும் எண், பக்கத்திலுள்ள ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே எண்ணியது. பத்துப் படங்கள் உள்ள ஒரு பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தால் பதினொன்று என்று கணக்கேறும். படங்களைக் கூட்டினால் புகழும் கூடும்! இன்று அவ்வெண்ணை யாரும் பெரிதாகக் கொள்வதில்லை. எனினும், பெரிய எண்ணைக் கண்டால் மயங்கும் இயல்பு மனிதரை விட்டு நீங்கிவிடவில்லை.

இனிக் கொள்வனவு வீதத்தைப் பார்ப்போம். கட்டளைகளின் தொகையை வருகைகளின் தொகையால் பிரித்து நூறாற் பெருக்குவது, அவ்வளவே. ஐந்நூறு வருகைக்குப் பத்துக் கட்டளை கிடைத்தால் வீதம் இரண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய இந்தக் கணக்கிலே இரண்டு பொறிகள் உள்ளன.

முதலாவது பொறி சிறிய எண். ஒரு கிழமையிலே ஐம்பது பேர் வந்து ஒருவர் வாங்கினால் வீதம் இரண்டு. மறு கிழமை ஐம்பது பேர் வந்து இருவர் வாங்கினால் வீதம் நான்கு. “வியாபாரம் இருமடங்காகிவிட்டது!” என்று துள்ளிக் குதிப்பவர், கூடி வந்தவர் ஒரேயொரு மனிதர் என்பதை மறந்துவிடுகின்றார். அவரை நம்பி இருநூறு பெட்டிக்கு ஓலை வாங்கிச் சாயமிட்டு வைத்தால், பெட்டிகள் மூலையிலே கிடக்கும். சிறிய கடைகள் கிழமைக் கணக்கைக் கொண்டு முடிவு செய்தல் ஆகாது. மூன்று மாதக் கணக்கையேனும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது பொறி இன்னும் நுட்பமானது. ஒரு கடையைக் கற்பனை செய்வோம். வழக்கமாக அதற்கு வாரம் ஐந்நூறு வருகை, பத்துக் கட்டளை. ஒரு நாள் கனடாவிலுள்ள உறவினர் ஒருவர் அக்கடையின் கடகத்தைப் படத்தோடு முகநூலிலே போடுகின்றார். “எங்கள் அம்மம்மா வைத்திருந்த கடகம்!” என்று ஆயிரக்கணக்கானோர் பார்க்கின்றனர். அந்த வாரம் வருகை இரண்டாயிரத்து ஐந்நூறு, கட்டளை பதினான்கு. வீதத்தைப் போட்டுப் பார்த்தால், இரண்டாக இருந்தது அரைக்குச் சற்று மேலாக வீழ்ந்துவிட்டது. கடை நடத்தும் தம்பி பதறுகின்றார். “விலை கூடிப்போயிற்று, குறைக்க வேண்டும்” என்கின்றார். விலையைக் குறைத்தால் எங்கே குறையும்? முடைந்தவரின் கூலியிலேதான் குறையும்.

அவர் செய்திருக்க வேண்டியது, வந்தவர்களை வந்த வழிப்படி பிரித்துப் பார்த்தல். தேடுதல் வழியாக வந்தவர் வழக்கம்போல் ஐந்நூறு. அவர்களுள் வாங்கினவர் வழக்கம்போல் பத்து. முகநூல் வழியாக வந்தவர் இரண்டாயிரம், வாங்கினவர் நால்வர். முன்னையோரின் வீதம் அணுவளவும் குறையவில்லை. நினைவுக்காகப் பார்க்க வந்த கூட்டம் சேர்ந்தமையால் மொத்த வீதம் தாழ்ந்தது. நால்வர் மேலதிகமாக வாங்கியதோ இலாபம். திருவிழாக் காலத்திலே தேர்முட்டியடிக் கடையைப் பார்த்துக்கொண்டு போகிறவர் எல்லாரும் வாங்க வந்தவரா? அல்லரே. அதற்காகக் கடைக்காரர் விலையைக் குறைப்பதில்லை.

இன்னும் ஒரு குறிப்பு. பலர் பார்க்கின்றனர், வாங்குவாரில்லை என்றால், விலை, அஞ்சற் செலவு, அளவு ஆகியவற்றை ஆராய வேண்டும். எத்தனை அங்குலம் என்று எழுதாத பெட்டியைத் தூர தேசத்தவர் எப்படி நம்பி வாங்குவார்? பார்ப்பவரே இல்லையென்றால், பெயரையும் முதற் படத்தையும் ஆராய வேண்டும். பாண் வைக்க ஓர் ஓலைக்கூடை தேடும் வெள்ளைக்காரர் ‘கடகம்’ என்று தேடமாட்டார். எமது உறவினரோ அந்தச் சொல்லைத்தான் தேடுவார். எட்ஸியின் கணக்குப் பக்கத்திலே, வந்தவர்கள் எந்தச் சொற்களைத் தேடி வந்தனர் என்பதும் காட்டப்படுகின்றது. அந்தப் பட்டியலை வாசிப்பது, வாடிக்கையாளர் வாசலில் நின்று பேசுவதைக் கேட்பதற்கு ஒப்பாகும்.

வழி அறிவதற்கு மற்றொரு காரணமும் உண்டு, அது செலவு. எட்ஸியிலே ஒரு பொருளைப் பட்டியலிட இருபது அமெரிக்கச் சதம். நான்கு மாதத்துக்கு அது செல்லும். விற்றால், அஞ்சற் செலவும் சேர்ந்த தொகையிலே நூற்றுக்கு ஆறரை டொலர் அவர்களுக்கு. 2022 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே ஐந்திலிருந்து இவ்வளவாக உயர்த்தப்பட்டபொழுது, ஆயிரக்கணக்கான விற்பனையாளர் தங்கள் கடைகளைச் சில நாள் மூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். இவற்றைவிட, அந்நிறுவனம் வெளித்தளங்களிலே செய்யும் விளம்பரத்தைத் தொட்டு வந்தவர் முப்பது நாளுக்குள் வாங்கினால், சிறிய கடையிடம் மேலும் நூற்றுக்குப் பதினைந்து எடுக்கப்படும்.

இருபது டொலர்ப் பெட்டிக்குப் பத்து டொலர் அஞ்சற் செலவு என்று கொள்வோம். தானாகத் தேடி வந்தவர் வாங்கினால், பட்டியற் கட்டணமும் விற்பனைக் கட்டணமும் சேர்ந்து 2 டொலர் 15 சதம். அஞ்சலுக்குப் பத்துப் போக, கையில் நிற்பது 17 டொலர் 85 சதம். விளம்பர வழியாக வந்தவர் வாங்கினால் மேலும் 4 டொலர் 50 சதம் போய், நிற்பது 13 டொலர் 35 சதம். காசு கைமாற்றும் கட்டணம் இதற்குப் புறம்பானது. பெட்டி ஒன்றே, விலை ஒன்றே, முடைந்த நேரமும் ஒன்றே. வந்த வழி வேறாகையால் மிஞ்சுவது வேறாகின்றது. ஆண்டு விற்பனை பத்தாயிரம் டொலருக்குக் குறைந்த கடை இவ்விளம்பரத்திலிருந்து விலகிக்கொள்ளலாம். கணக்குப் பார்த்து விலகுவதோ தொடர்வதோ நமது விருப்பம். பாராமல் இருப்பதுதான் பிழை.

காலத்தையும் மறத்தலாகாது. மேல்நாட்டிலே நத்தாருக்கு முந்திய இரண்டு மாதங்கள் பரிசுப் பொருள்கள் வாங்கும் காலம். டிசம்பர்க் கணக்கை சனவரிக் கணக்கோடு ஒப்பிட்டு, “கடை விழுந்துவிட்டது” என்று அழுவது, நல்லூர்த் திருவிழா முடிந்த மறுநாள் வீதியைப் பார்த்து, “நல்லூருக்குச் சனம் வருவதில்லை” என்று சொல்வதற்குச் சமம். சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு இந்த ஆண்டின் மாதத்தை ஒப்பிடுவதே முறை.

வாலிப நண்பர்களே! உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. காசு கொடுத்து வருகைகளை வாங்கலாம் என்று சொல்வோர் உளர். நண்பர் ஐம்பது பேரை நாள்தோறும் கடையைத் திறந்து பார்க்கச் சொல்லி எண்ணை ஏற்றுவோரும் உளர். அது நிறைகல்லைத் தானே திருத்தி வைத்துத் தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் வியாபாரம். எண் ஏறும், பெட்டி இருந்த இடத்தில் இருக்கும். அளவையே இலக்காக்கிவிட்டால் அந்த அளவை அளவாக இருக்கமாட்டாது என்ற கருத்தை, இங்கிலாந்துப் பொருளியல் அறிஞர் சாள்ஸ் குட்ஹார்ட் 1975 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டியதன் வழியாக, அது இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது.

பெரியோர்களே! பாதிரிமார் தொடங்கிய பள்ளிக்கூடத்திலே படித்தவர்கள் நாம். 1823 ஆம் ஆண்டிலே தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியிலே பயின்ற விசுவநாதபிள்ளை, வீசகணிதத்தைத் தமிழிலே நூலாக எழுதினார் என்று அங்கே எமக்குச் சொல்லித் தந்தனர். பிறநாட்டார் கொண்டுவந்த கணக்கு நமது தாய்மொழியிலே நமது பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்று அவர் எண்ணினார். இன்று எமக்கு முன்னே உள்ள கடமையும் அத்தன்மையதே. கணக்குப் பக்கம் ஆங்கிலத்திலே, ஒரு வாலிபனின் தொலைபேசியிலே கிடக்கின்றது. அந்த எண்களை விளைவித்த தாய், அவற்றைக் கண்டதே இல்லை. “இம்மாதம் வியாபாரம் இல்லை அக்கா” என்று தம்பி சொன்னால் அவர் நம்பத்தான் வேண்டும். அவன் நல்லவனாகவே இருக்கலாம். ஆயினும் ஒருவருக்கு மட்டும் வாசிக்கத் தெரிந்த கணக்கு, நேர்மையான கணக்காக நிலைப்பது அரிது.

ஆகவே இச்சங்கத்தின் முன் நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது, ஊரிலே கணினிக் கடை நடத்தும் வாலிபர் ஒவ்வொருவரும் மாதம் ஒருமுறை வருகை, வந்த வழி, கட்டளை, கட்டணம், கையில் நின்றது ஆகிய ஐந்தையும் சாதாரண அப்பியாசக் கொப்பி ஒன்றிலே தமிழில் எழுதுதல் வேண்டும். இரண்டாவது, அக்கொப்பியை முடைகின்றவர்களின் முன்னிலையிலே உரக்க வாசித்து விளக்குதல் வேண்டும். எந்தப் பெட்டி போகிறது, எது போகவில்லை என்று அவர்கள் அறிந்தால், எதனை முடைவது என்று அவர்களே நல்ல முடிவு சொல்வார்கள். மூன்றாவது, கூலியை முதலில் நிறுத்திவைத்துப் பின்னரே விலையை வகுத்தல் வேண்டும். வீதம் வீழ்ந்த கிழமையெல்லாம் கூலியிலே கைவைக்கும் வழக்கம் எமது ஊரிலே தோன்றவே கூடாது.

எண்ணும் எழுத்தும் கற்பது எதற்காக என்று கேட்டால், உத்தியோகத்துக்காக என்று சொல்லிப் பழகிவிட்டோம். நமது திண்ணையிலே இருந்து ஓலை பின்னும் ஒருவரின் உழைப்பு உரிய விலையோடு அவர் கையிலே திரும்பிவந்து சேர்வதற்காகவும் அது பயன்படட்டும்.